மாசக் கடைசிக்கு ஓர் ஆள்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு போலீஸ் ஸ்டேஷன். பெயர் வேண்டாம், அங்கே இன்றைக்கு வேலை பார்க்கிறவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. நானும் லாசரஸும் அங்கே கான்ஸ்டபிள்கள். அரை நிஜார், காலில் சுற்றிய பட்டி, தலையில் விறைப்பான தொப்பி. எங்களைப் பார்த்தால் ஊரே பயந்தது. நாங்கள் யார் யாருக்குப் பயந்தோம் என்று கேட்கத்தான் ஆளில்லை.

லாசரஸ் நல்ல மனுஷன். போலீஸ்காரனைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் பிள்ளை காய்ச்சலில் செத்த அன்று அவருக்குப் பல்லாவரத்தில் பந்தோபஸ்து. யாரோ பெரிய மனிதர் காரில் போகப்போகிறார் என்று வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் வேறு வழியாகப் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் மனைவி ரத்தினபாய் அந்தக் காக்கிச் சட்டையைத் தொட்டதில்லை. அவரேதான் துவைத்துக்கொள்வார்.

அறுபத்தேழில் ரத்தினபாய் மறுபடி நிறைமாதமாக இருந்தாள். இந்தத் தடவை பக்கத்திலேயே இருப்பேன் என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்லியிருந்தார் லாசரஸ். லீவு கேட்டு எஸ்.ஐ. ஸ்ரீரங்கன் முன்னால் போய் நின்றார்.

"மதுவிலக்குக் கேஸ் ஒண்ணு குறையுது. மாசக் கடைசி வேற. ஓர் ஆளைக் கொண்டா, லீவை எடுத்துக்கோ," என்றார் எஸ்.ஐ.

அது மதுவிலக்குக் காலம். மாதத்துக்கு இத்தனை குடிகாரர்கள் பிடிபட்டாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நிஜக் குடிகாரன் அகப்பட்டால் அவன் யாருக்காவது வேண்டியவனாக இருந்து தொலைப்பான். அதனால் வாடிக்கையாக ஓர் ஆளை வைத்திருந்தோம். மூட்டை தூக்கும் கன்னியப்பன். மாசக் கடைசியானால் தானே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்காருவான். கோர்ட்டில் "ஆமா சாமி, குடிச்சேன்" என்பான். அபராதத்தை நாங்களே கட்டி, வயிறாரச் சோறு வாங்கிக்கொடுத்து அனுப்புவோம். எங்களுக்கு அது கேஸே இல்லை, வெறும் எண்ணிக்கை. எங்களைப் பிடித்த சனியனே இதுதான். அந்தத் தண்டனையை வேறொருவன் ஒருநாள் நிஜமென்று எடுத்துக்கொள்வான் என்று எங்களில் ஒருத்தனுக்கும் உறைத்ததில்லை.

அந்த மாதம் பார்த்துக் கன்னியப்பன் நெஞ்சு வியாதியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான்.

லாசரஸ் வீட்டில் அவருடைய மச்சினன் அசரியா இருந்தான். ரத்தினபாயின் தம்பி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவான், நல்ல குரல். அக்காவின் புருஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நான் வரேன் மச்சான். அக்காவுக்காகத்தானே," என்றான். லாசரஸும் ஒருநாள் கூத்துதானே என்று தலையாட்டினார்.

டாக்டர் மோந்து பார்த்து எழுதித்தர வேண்டுமே! பிடித்துவைத்திருந்த பட்டைச் சாராயத்தில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளிக்கச் சொன்னோம். சட்டையிலும் தெளித்தோம். அசரியா குமட்டிக்கொண்டு துப்பினான்.

"இன்னா மச்சான், இந்தக் கருமத்தையா காசு குடுத்துக் குடிக்கிறானுங்க?"

ஸ்டேஷனே சிரித்தது. லாசரஸும் சிரித்தார். மறுநாள் கோர்ட்டில் அசரியா ஆமாம் என்றான், அபராதம் கட்டியாயிற்று, லீவு கிடைத்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஞானஜோதி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு லாசரஸ் அழுத அழுகையைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது.

எழுபத்தொன்றில் அசரியா பரீட்சை எழுதி, மத்திய சர்க்காரில் குமாஸ்தா வேலைக்குத் தேறினான். தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அது எங்கள் ஸ்டேஷனுக்கே வந்தது. அப்போது தேவானந்தம் என்பவர் எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. லாசரஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தே சொன்னார்.

"குடிச்சதுக்குத் தண்டனைன்னு கோர்ட்டுலயே இருக்குய்யா. நான் இல்லேன்னு எழுத முடியாது. அது ஜோடிச்ச கேஸுன்னு நீ எழுதிக் குடு, மேல அனுப்பறேன். உன் மச்சினன் பேரு சுத்தமாவும். ஆனா உன் வேலை போவும், குவார்ட்டர்ஸ் போவும். உள்ளயும் போக வேண்டியிருக்கும்."

லாசரஸ் பேனாவும் கையுமாக மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். விஷயத்தைக் கேட்ட ரத்தினபாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அசரியாதான் பேசினான்.

"எழுதாத மச்சான். பாப்பா கீது."

அவர் எழுதவில்லை; அசரியாவுக்கு அந்த வேலை கிடைக்காமல் போயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை; நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு தகப்பனை இப்படி நிறுத்திவைத்த அந்த உத்தியோகத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

வயிற்றெரிச்சல் அதோடு போயிற்றா? அதே வருஷம் சர்க்காரே மதுவிலக்கை எடுத்துவிட்டது. சாராயக் கடை வாசலில் கூட்டத்தை வரிசையில் நிறுத்த லாசரஸுக்கு டூட்டி போட்டார்கள். ஒருநாள் அந்த வரிசையில் அசரியா நின்றான். லாசரஸ் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"வூட்டுக்குப் போடா."

"குடிகாரன்னு நீங்கதான மச்சான் பேரு வெச்சீங்க. குடிச்சா இன்னா இப்போ?" என்று கையை உதறிக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். லாசரஸ் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அசரியா கோயிலில் பாடி யாரும் கேட்கவில்லை.

எழுபத்துநாலில் மதுவிலக்கு திரும்பி வந்தது. கூடவே எண்ணிக்கையும் வந்தது. லாசரஸ் அப்போது ஏட்டு. ஆள் கொண்டுவரும் பொறுப்பு அவர் தலையில். கன்னியப்பன் செத்து வெகுநாளாகியிருந்தது. யாரைப் பிடிப்பது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, பொத்தான் போடாத சட்டையோடு அசரியா உள்ளே வந்தான். யாரும் சொல்லாமலே கன்னியப்பனின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

"மாசக் கடைசியாச்சே மச்சான். ஆள் வேணும்ல?"

லாசரஸ் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பெயர் எழுதினார். தகப்பனார் பெயர் எழுதும்போது கை நின்றுவிட்டது. அசரியா பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான். கடைசியில் நான்தான் பேனாவை வாங்கி மீதியை எழுதி, அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வாயில் எதையும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.