கயத்தாற்றில் கை நனைத்தது

தூக்கணாங்குருவியை யாராவது மெச்சிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என்ன உழைப்பு, என்ன கைவேலை, எப்பேர்ப்பட்ட குடும்பஸ்தன் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டு எழுதிவிடுகிறார்கள். கைவேலையை நான் குறை சொல்லவில்லை. குடும்பஸ்தன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அவன் வண்டவாளம் எனக்குத் தெரியும்.

புதூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. ஐப்பசி மழையை நம்பிக் கம்பு போடுவோம். கதிர் பால்பிடிக்கிற சமயத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் குருவி விரட்ட அனுப்பிவிடுவார்கள். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓட வேண்டும். காட்டின் மூலையில் ஒரு கிணறு. கிணற்றுக்குள் சாய்ந்தபடி ஒரு கருவேல மரம், அதன் கொப்பெல்லாம் தூக்கணாங்குருவிக் கூடு. நான் விரட்டினால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தே கத்தும்.

நான் ஆறாவது படித்த வருஷம் அந்தக் கூடுகளை ஆராய்ச்சி செய்ய ஒருவர் வந்தார். தலை முக்கால்வாசி வழுக்கை. குடையை விரித்து வைத்து, கண்ணில் பைனாகுலரோடு நாள் முழுக்கக் கிணற்றடியில் இருப்பார். வலை போட்டுக் குருவி பிடித்து, காலில் கலர் கலராக வளையம் மாட்டிப் பறக்கவிடுவார். ஊரே அவரைக் குருவி சார் என்றது. குஞ்சுகளின் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். எந்தக் குஞ்சுக்கு எது அப்பன் என்று ரத்தத்தில் தெரிந்துவிடுமாம்.

“குருவிக்கு அப்பன் யாருன்னு கண்டுபிடிக்க ஒரு படிப்பா? வெளங்கின மாதிரித்தான்!” என்றாள் அத்தை. அம்மா இல்லாத எங்கள் வீட்டில் அப்பாவின் அக்காவான அவள் வைத்ததுதான் சட்டம்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட வரும் என் அக்கா, குருவி சார் சொல்வதை நின்று கேட்பாள். ஆண்தான் கூடு கட்டுமாம். பாதி கட்டி நிறுத்திவிட்டுச் சிறகை அடித்துக் கத்துமாம். பெட்டை வந்து உள்ளே உட்கார்ந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் பறந்துவிடும்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏட்டி, அந்தக் குருவிக்கு இருக்கிற மவுசைப் பாரேன்! அதுவே போய்ப் பாக்குது, அதுவே வேண்டாங்குது” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஏன் சிரிக்க மாட்டாள்? வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை வருவோர் போவோரெல்லாம் பெண் பார்த்தார்கள். கேசரியைத் தின்றார்கள், காப்பியைக் குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பியவன் ஒருத்தனும் இல்லை.

மிச்சக் கதையைக் குருவி சார் இன்னொரு நாள் சொன்னார். பெட்டை சம்மதித்ததும் ஆண் கூட்டை முடித்துக்கொடுக்கும். அவ்வளவுதான், பக்கத்துக் கொப்பில் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும், அடுத்த பெட்டையைக் கூப்பிட. அடைகாப்பது இவள் பாடு. சிவப்பு வளையம் போட்ட ஒருத்தனைக் காட்டினார். அவனுக்கு அந்த மரத்திலேயே இரண்டு குடித்தனம், மூன்றாவதற்கு நார் கிழித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் மண்ணாங்கட்டியை எடுத்து அவன்மேல் எறிந்தேன். குருவி சார் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் குணம் அப்படி, விடும்மா என்றார். அதென்ன குணம்?

அந்தக் கார்த்திகையில்தான் கயத்தாற்று மாப்பிள்ளை வந்தார். நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொட்டு நகை வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார். அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், மனசுக்கு ஒப்பாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது. வாழப்போகிறவளை மட்டும் கூட்டிப்போக மாட்டார்கள். அப்பாவும் அத்தையும் கிளம்பினார்கள், பஸ்ஸில் அரை டிக்கெட்தானே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ரிப்பன் கட்டிவிடும்போது அக்கா காதோரம் குனிந்தாள்.

“ஏட்டி, எனக்குப் பதிலா நீதான் பாக்கணும். அடுப்படி, பின்வாசல், ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லு. என்ன?”

வீட்டின் முன்கட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்கட்டுக்குக் கூரையே இல்லை, செங்கல்லும் மணலும் குவிந்து கிடந்தன. பாதிக் கூடு என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுக்குப் போகணும் என்று சொல்லி அடுப்படி தாண்டிப் பின்வாசலுக்குப் போனேன். சுற்றுச்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் ஒரு பெண் கிரீஸ் கறை பிடித்த சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. “பொண்ணு வீட்டுக்காரவியளா?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் துவைத்தாள்.

அவள் பக்கத்தில் நின்ற சின்னப் பையன் சுவர் இடைவெளி வழியாகக் குடுகுடுவென்று ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் நேரே கூடத்துக்குள் போய், எல்லாரும் பார்க்க, “அப்பா” என்று மாப்பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அம்மா பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்கினாள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆம்பிளை யாரைக் கண்டாலும் அப்பான்னுதான் சொல்லும், கழுதை!” என்றாள். அத்தை சத்தமாகச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

யாரைக் கண்டாலுமா? எங்கள் அப்பாவும்தான் அங்கே மீசையோடு உட்கார்ந்திருந்தார், அவரைச் சொல்லவில்லையே! குருவி சாருக்கு ரத்தம் வேண்டும். எனக்கு அந்தக் காது போதும். மாப்பிள்ளைக்கு இரண்டு காதும் முறம் மாதிரி விடைத்து நிற்கும், அதே காது அந்தப் பிள்ளைக்கும்.

இலை போட்டார்கள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அப்பா, சாப்பிடாதீங்க. அந்தப் பிள்ளைக்கு இவிய காது. பின்னால ஒரு வீடு இருக்கு, அங்கன ஒரு அக்கா இவிய சட்டையத் துவைக்காவ.”

கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன், ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு சாயங்காலம்வரை கன்றிக் கிடந்தது. அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. “பேசாம உக்காருட்டி” என்று இலையைப் பார்த்தே சொன்னார். பிறகு சோற்றில் கை வைத்தார்.

நான் கை வைக்கவில்லை. பாயசம் வந்தது, அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது, பசி வயிற்றைப் பிராண்டியது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று பஸ்ஸிலும் அத்தை திட்டித் தீர்த்தாள். அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பெயிண்ட், கூரையில்லாத கட்டு, கொட்டகை, சட்டை, பிள்ளை, காது என்று ஒன்று விடாமல் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவள் சீறுவாள், கிண்ணத்தைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன்.

“அந்தப் பிள்ளைய அப்பா பாத்தாவளா?” என்று கேட்டாள்.

“பாத்தாவ. நானும் சொன்னேன்.”

“அதுக்குப் பிறகா கை நனைச்சாவ?”

“ஆமா. பாயசம் கூட ரெண்டு தடவை வாங்கினாவ.”

அக்கா அடுத்த பெட்டியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாப்பிள்ளையின் அக்கிரமத்தை மறுபடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன். தையில் கல்யாணம் நடந்தது. அந்தப் பின்கட்டு இன்றுவரை கூரை போடாமல்தான் கிடக்கிறது.

கயத்தாற்றுக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம் அப்பாதான் என்னைச் சைக்கிளில் வைத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனார். மடி நிறைய மண்ணாங்கட்டி பொறுக்கி வைத்திருந்தேன். ஒரு கையால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு வளையக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். அப்பா சைக்கிளை வேகமாக மிதித்தார். நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.