மாத்திக் குடுத்த வாக்குத்தத்த அட்டை

சாமு, இன்னைக்கு சர்ச்சுல திரும்பவும் ரெண்டு அட்டை எடுத்துட்டேன்.

(ஆளுங்க முன்னாடி "ஏங்க"னுதான் கூப்பிடுவேன். இப்ப நீ வந்து கோவிச்சுக்க போறதில்ல. அதனால ஊரே படிக்கட்டும்.)

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். புது வருச ஆராதனை முடிஞ்சதும் தாம்பாளத்துல வசன அட்டைங்கள கவுத்து வச்சு நீட்டுவாங்க. ஆளுக்கு ஒண்ணு. அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் அந்த வருசத்துக்கு கர்த்தர் நமக்குக் குடுக்கற வாக்குத்தத்தம்.

என் வீட்டுக்காரரு என்னைக்கும் அந்த நேரத்துக்கு வயல்ல நிப்பாரு. "எனக்கும் சேத்து எடுத்துட்டு வாடி"ம்பாரு. அதனால நான் ரெண்டு எடுப்பேன். முதல்ல எடுக்கறது அவருக்கு, அடுத்தது எனக்கு. பதினெட்டு வருசமா இதான் முறை.

அவரு போன கார்த்திகை மழையில போயிட்டாரு.

இந்த வருசம் அட்டையே எடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன்.

பாஸ்டரம்மா தாம்பாளத்த நீட்டுனாங்க. "எடுங்க சிஸ்டர்."

"வேணாம்மா. போன வருசம் குடுத்ததே சரியில்ல."

"அப்படி சொல்லக்கூடாது. அவரு வாக்கு மாறாதவரு."

சரி, அந்தம்மா மனசு நோவக்கூடாதேன்னு கைய நீட்டுனேன். பழகுன கை, ரெண்டா எடுத்துருச்சு.

ஒண்ண திருப்பி வைக்கப் போனா, "எடுத்தத வைக்கக்கூடாது சிஸ்டர்"னுட்டு பாஸ்டரம்மா அடுத்த ஆளுகிட்ட போயிட்டாங்க.

வெளிய முருகேசன் தம்பி வண்டியோட நின்னுச்சு. பக்கத்து வயல்காரரு. நம்ம சர்ச்சு கேசரிய தொன்னையில வச்சு தின்னுக்கிட்டு இருந்துச்சு. (புது வருசத்துக்கு மட்டும் அதுக்கு இயேசு மேல ரொம்ப பக்தி.)

"என்னக்கா கையில?"

"சாமி சீட்டு."

"எங்க கிளி ஜோசியம் மாதிரியா?"

"ஆமா. கிளிக்குப் பதிலா நான்."

சிரிச்சுச்சு. எனக்கு என்னாச்சுனு தெரியல, யாருகிட்டயும் சொல்லாதத அந்த கேசரி வாய்கிட்ட சொல்லிட்டேன்.

போன வருசம் முதல்ல எடுத்த அட்டையில, நீ தண்ணியக் கடக்கும்போது நான் உன்கூட இருப்பேன்னு இருந்துச்சு. அது சாமுவுக்கு. ரெண்டாவதுல, உனக்கு நீண்ட ஆயுசு தருவேன்னு இருந்துச்சு. அது எனக்கு.

அப்பதான் டாக்டரு அவரு இதயம் வீக்குனு சொல்லி ஒரு மாசம் ஆயிருந்துச்சு.

நான் மாத்திட்டேன். ஆயுசு அட்டைய அவருக்குக் குடுத்துட்டு தண்ணி அட்டைய நான் வச்சுக்கிட்டேன். டெல்டாக்காரிக்கு தண்ணியக் கடக்க என்ன பயம், தண்ணி வராம இருக்கறதுதானே பயம்!

அவரு அத போன் கவருக்குள்ள சொருகிக்கிட்டு ஊரெல்லாம் காமிச்சாரு. "பாத்துக்க, நான் சாவமாட்டேன், மேலேருந்து லெட்டர் வந்துருக்கு."

கார்த்திகையில நெஞ்சு வலி வந்த அன்னைக்கு ஊரைச் சுத்தி வெள்ளம். கீழ்வேளூர் ரோட்டுல ஆம்புலன்ஸ் நிக்குது, எங்க தெருவுக்கும் அதுக்கும் நடுவுல இடுப்பளவு தண்ணி. கயித்துக் கட்டில்ல படுக்க வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. "நீ வராதக்கா, இழுத்துரும்"னு என்னைய கரையிலயே நிறுத்திட்டாங்க.

அந்தக் கரைக்குப் போயி சேரும்போது உசுரு இல்ல.

அதுலேருந்து நான் கர்த்தர்கிட்ட பேசறதில்ல. ஆயுசுனு எழுதிக் குடுத்துட்டு ஒரு வருசம்கூட முழுசா விடலையே, இது என்ன வாக்குனு கோவம்.

இன்னைக்கு முருகேசன்கிட்ட சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைச்சுச்சு. கர்த்தர் விலாசத்த சரியாத்தான் போட்டுருந்தாரு. தபால்காரி நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்.

அப்ப தண்ணி அட்டை சாமுவுக்குத்தான், நீண்ட ஆயுசு எனக்காம். சாமு இல்லாம. இத யாரு கேட்டா?

முருகேசன் தொன்னைய கீழ வச்சுருச்சு.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அழுவீங்கன்னு இத்தன நாளா சொல்லல."

"சொல்லு. அழுது முடிச்சாச்சு."

"தண்ணிக்கு நடுவுல போறப்ப அண்ணன் பேசுனாரு. நாங்க நாலு பேரும் நாலு மூலையில. அவரு எங்க யாரையும் பாக்கல. கட்டிலுக்குப் பக்கத்துல, சும்மா கெடந்த தண்ணியப் பாத்து, 'இங்க பள்ளம் இருக்கு, பாத்து வா'ன்னாரு."

"உன்னத்தான் சொல்லியிருப்பாரு."

"நான் அவரு தலைமாட்டுலக்கா. அவரு சொன்ன பக்கம் ஆளே இல்ல. ஆனா பள்ளம் இருந்துச்சு."

வண்டியில ஏறுனேன். வழி நெடுக ரெண்டு பக்கமும் சம்பா, தலை சாய்ஞ்சு நிக்குது. நம்ம துண்டு வயல்ல நிக்கறது நீ போறதுக்கு முன்னாடி நட்டது.

(முருகேசா, இத நீ படிப்பேன்னு தெரியும். வண்டிய கொஞ்சம் மெதுவா ஓட்டு. எனக்கு நீண்ட ஆயுசுனு எழுதியிருக்கு, உனக்கு இல்ல.)

வீட்டுக்கு வந்து ரெண்டு அட்டையையும் மேசையில வச்சேன். இந்த தடவ மாத்தல. ரெண்டாவது என்னோடது, அத மட்டும் திருப்பிப் பாத்தேன். உன்ன அனாதையா விடமாட்டேன்னு போட்டுருக்கு.

பாப்போம்னு சொன்னேன். கார்த்திகைக்கு அப்புறம் கர்த்தர்கிட்ட நான் பேசுன முதல் வார்த்தை அதான்.

முதல்ல எடுத்தது உன்னோடது. திருப்பிக்கூட பாக்கல, உன் போன் கவருக்குள்ள சொருகிட்டேன். பழைய ஆயுசு அட்டைய வெளிய எடுத்து நான் வச்சுக்கிட்டேன். இனிமே அத நான்தான் அனுபவிக்கணும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும் சாமு. எனக்கு இந்த வருசம் முழுக்க அதுதான் வேணும்.

அன்னைக்கு தண்ணிக்குள்ள, பள்ளம் இருக்குன்னு யாருகிட்ட சொன்ன?