தலையணை கட்டிய தாத்தா

டிசம்பர் பனி இறங்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் எனக்குக் கனவில் கண்டதுபோலத்தான் ஞாபகம் வருகிறது. மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்கக் காகித நட்சத்திரங்கள். சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் பனியில் கரைந்து, தெருவே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. அதற்கு நடுவே என் மகள் ஆடிக்கொண்டு போனாள்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு என் ஸ்கூட்டர், மீதி நேரம் கட்டிலும் செல்போனும். நான் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைக்கிறவள். வரும் வழியில் முட்டை பப்ஸோ ஃபிரைடு ரைஸோ வாங்கி வந்தால் எனக்கும் சமையல் மிச்சம், அவளுக்கும் சந்தோஷம். பாசத்தைப் பார்சல் கட்டிக் கொடுக்கிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. சர்க்கரை வரப் பார்க்கிறது, தினமும் நடக்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்வதற்கு அவருக்கென்ன. முதல் நாள் நானும் கூட நடந்தேன்; அன்றைக்கே தெருமுனையில் நின்ற பையன்களில் ஒருவன், "லாரி வருது, ஒதுங்கு மாமே" என்றான். அதோடு சரி. இனி வாசலைத் தாண்டி நடக்கமாட்டேன் என்றுவிட்டாள். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கக்கூட வரவில்லை. இவள் இப்படியே கட்டிலோடு தங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் சபையில் பண்டிகைக்கு முன்னால் வாலிபர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். கூடவே சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடி வைத்த முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். அவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, வாயே திறக்கக்கூடாது. கடைசி வீட்டில்தான் முகமூடியைக் கழற்றுவார். வருஷா வருஷம் தாத்தாவாகிறவன் ஓர் ஒல்லிப்பிச்சான். வயிற்றில் தலையணை கட்டித்தான் அவனைத் தாத்தாவாக்குவோம். கிழிசல் தைப்பது என் பொறுப்பு என்பதால் அங்கி எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அந்த வருஷம் அவன் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டான். பாட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், தாத்தா இல்லை. உள்ளேயிருந்து இவள் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் போறேம்மா. மூஞ்சிதான் தெரியாதே."

தலையணை இல்லாமலே அங்கி நிறைந்திருந்தது. இருந்தும் தலையணையை என்னிடம் நீட்டினாள்.

"கட்டு."

"உனக்கு எதுக்குடி அது?" என் வாய் சும்மா இருந்தால்தானே.

அவள் கோபப்படவில்லை. "கட்டும்மா. அப்பதான் எல்லாமே தலகாணின்னு நினைப்பாங்க."

அங்கியின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, துப்பட்டாவால் தலையணையை இறுக்கிக் கட்டினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் சில வீடுகள் வரை இரவல் காலில் நடப்பவள்போல நடந்தாள். அப்புறம் டிரம் அவளைப் பிடித்துக்கொண்டது. குனிந்து, சுழன்று, பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். பின்னால் போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது. தெருமுனைப் பையன்கள் அவளோடு சேர்ந்து ஆடினார்கள். "தாத்தா இன்னாமா ஆடுறாரு மாமே" என்றான் ஒருவன். லாரி என்று சொன்ன அந்தக் குரல் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் நிற்கவில்லை.

கடைசி வீடு வந்தபோது அந்தப் பையன்களும் கேட்டருகே வந்து நின்றுவிட்டார்கள். டிரம் அடிக்கிற தம்பி என் காதோரம், "அக்கா, மூஞ்சியக் காட்ட வேணான்னா வுட்டுடலாம்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவளே முகமூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நெற்றியெல்லாம் முடி ஒட்டிக்கிடந்தது.

அந்த வீட்டுக் குட்டிப்பெண் ஒருத்தி, நாலு வயதிருக்கும், கிட்டே வந்து அங்கியை இழுத்தாள். "அக்கா, தொப்பையக் கழட்டு."

இவள் முடிச்சை அவிழ்த்துத் தலையணையை உருவி அவளிடம் கொடுத்தாள். குழந்தை அதைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, இவள் வயிற்றில் விரலை வைத்தது.

"இன்னொண்ணு கீதே. அத்தயும் கழட்டு."

கேட்டருகே யாரோ சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மகளை அப்படியே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று முன்னால் போனேன். அதற்குள் அவள் குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"இது கழட்ட வராதும்மா. இது என்னுது."

பிறகு எழுந்து டிரம்காரத் தம்பியைப் பார்த்தாள். "அண்ணா, இன்னொரு தபா அடிங்க."

முகமூடி இல்லாமல் ஆடினாள். வேர்வையில் நனைந்த பஞ்சுத் தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தலையணையைக் குழந்தை கொடுக்கவில்லை, விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் அதை வாங்கிவர ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை வழியாக நடந்தே போனாள்.