பளபளா மாமாவும் கறுப்புச் சட்டியும்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த மனுஷனை நினைத்தாலே முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வருகிறது. அழுகை அப்புறம்தான்.

அவருக்குப் பாத்திரப் பட்டறையில் வேலை. மங்கலாக வந்து சேரும் குண்டான், மூடி, கரண்டி எல்லாவற்றையும் சுழலும் துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்புவார். அந்தச் சத்தத்தில் ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் 'பளபளா மாமா'. யார் வீட்டுக்குப் போனாலும் கதவுக் கைப்பிடியைச் சட்டை நுனியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். மங்கலாக இருந்தால் அது அழுக்கு, அழுக்கு இருந்தால் நோய் வரும். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். ஆயுசு முழுக்க ஊரார் வீட்டுப் பாத்திரங்களோடு மல்லுக்கட்டினாரே தவிர, தன் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது.

அடுப்பு அக்காவுடைய ராஜ்யம். அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். ஆனால் கையை நீட்டினால் வேண்டியது கிடைக்கும். ஜன்னலுக்கு மேலே ஒரு கம்பி, அதில் கொக்கிகள். பிடி தேய்ந்த மரக்கரண்டி, தோல் சீவி, துருவி, இடுக்கி, காய் நறுக்குவதற்கென்றே வைத்திருந்த பெரிய கத்தரிக்கோல். "கத்தி எதுக்குடி? பாத்திரத்துக்கு மேலயே வெட்டிப் போட்டா பலகை கழுவுற வேலை மிச்சம்" என்பாள். கடைசிக் கொக்கியில் ஒரு சின்ன இரும்புச் சட்டி. கல்யாணமான புதிதில் வாங்கியது. எண்ணெயும் சூடும் பட்டுப் பட்டு உள்பக்கம் கறுகறுவென்று வழவழப்பாக ஆகியிருந்தது. முட்டையை ஊற்றினால் ஒட்டாது. சட்டியைச் சாய்த்தால் தானாக வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வந்துவிடும். அதில் சோப்பு போட அவள் யாரையும் விட்டதில்லை. துணியால் துடைப்பதோடு சரி.

அக்காவுக்கு வாயில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், பிறகு கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பித்தார்கள். வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும், "இரும்பு நாறுது" என்று தள்ளிவிடுவாள். கஞ்சியிலும் இரும்பு, பாலிலும் இரும்பு. டாக்டரம்மா என்னையும் மாமாவையும் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த சிகிச்சைல நாக்கு அப்படித்தான் ஆகும். ஆனா எடை இதுக்கு மேல இறங்கினா பாதியிலேயே நிறுத்த வேண்டி வரும், உடம்பு தாங்காது. எப்படியாவது சாப்பிட வைங்க."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மாமா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? அடுப்பில் இருந்த சட்டியைத் தவிர, கம்பியில் தொங்கியதையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார்! சீவி தோலை வருடிக் கொடுத்தது. துருவியில் ஒரு பல் மிச்சமில்லை.

"மாமா, இனிமே இதுல முகம்தான் பாக்கலாம்!" என்று கத்தினேன். அவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

"சுத்தமா இருக்குல்ல?" என்றார்.

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் புண் இழுக்கும், இருந்தாலும் சிரித்தாள்.

மறுநாள் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, சமையலறை வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள். பேசினால் புண் வலிக்கும் என்பதால் கையாலேயே காட்டினாள். தீயைக் குறை. வெண்ணெய் போடு. முட்டையை ஊற்று. மூடு. இப்போது எடு. மாமா பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வேர்த்து விறுவிறுத்துச் செய்தார். முட்டை பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வந்தது. ஒரு வாய் வைத்தாள்.

"நாறல" என்றாள்.

அந்த முட்டைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. காலையிலும் மாலையிலும் அதே சட்டி, அதே முட்டை. எடை இறங்குவது நின்றது. மாமா கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் முட்டை செய்யும் விதத்தைச் சொல்லித் தொலைத்தார்.

பிறகு ஒரு நாள், புண் அதிகமாக இருந்த நேரம், அக்கா பாதித் தட்டைத் தள்ளிவைத்தாள். "இதுவும் லேசா நாறுது." அவ்வளவுதான் சொன்னாள். மாமா சட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். மத்தியானம் நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது எதையோ செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். பொழுது சாய்ந்து திரும்பியபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அக்கா மடியில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தார்.

சட்டி வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னியது.

"பாரு, அத்தன வருஷத்து அழுக்கும் போயிடுச்சு. அதுதான் நாறிச்சு. இனிமே நாறாது."

அக்கா ஒற்றை விரலால் சட்டியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஐயோ பாவி மனுஷா! அது அழுக்கு இல்ல! அந்தக் கறுப்புதான் சட்டியே! அத சுரண்டிட்டு வெறும் இரும்பக் கொண்டாந்து நீட்டுறீங்களே!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அக்காவுக்கும் கேட்டது.

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அழுக்குன்னு நெனச்சேன்ம்மா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அன்றைக்குச் செய்த முட்டை சட்டியோடு அப்பிக்கொண்டது. சுரண்டிக் கொடுத்ததை அக்கா துப்பினாள், துப்பியதில் ரத்தம் இருந்தது. நான் என் வீட்டுச் சட்டியைக் கொண்டுவந்தேன். புதிதாக ஒட்டாத சட்டி ஒன்றும் வாங்கிவந்தேன். ஒரு வாய், தலையாட்டல், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தாள். வாரக் கடைசியில் எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நைட்டிக்குள் அவள் இருக்கிற இடமே தெரியவில்லை. பெற்றவள் இருந்திருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

"சட்டியப் பழக்கணும் மாமா" என்றேன். "எண்ணெய் தடவணும், புகையிற வரைக்கும் காய்ச்சணும், துடைக்கணும், மறுபடியும் தடவணும்."

"எத்தன தடவ?"

"அக்காவுக்கு வருஷக்கணக்காச்சு."

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். தடவினார், காய்ச்சினார், துடைத்தார். வீடெல்லாம் புகை. இடுக்கியைக் கொடுத்தால் வேண்டாம் என்றார். பாலிஷ் பிடித்த கை, துணியை விரலில் சுற்றி அழுத்தினால்தான் அவருக்குத் திருப்தி. துணி கருகியது. விரல் நுனிகள் சிவந்து, பிறகு கொப்புளம் கிளம்பியது. "போதும் மாமா, காலையில பாத்துக்கலாம்" என்று கெஞ்சினேன், காலைப் பிடிக்காத குறைதான். "கறுக்கட்டும்மா, கறுக்கட்டும்" என்றார். காலையிலும் அடுப்பு முன்னால்தான் நின்றார். சட்டியில் அங்கங்கே காவிநிறத் திட்டுதான் வந்திருந்தது. மனுஷன் அழுதுகொண்டே துடைத்தார். எனக்குத் திட்டவும் மனசு வரவில்லை.

வாசலில் நிழல் ஆடியது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முட்டை" என்றாள்.

மாமா பதறிப்போய் முட்டையை ஊற்றினார். பாதி ஒட்டி, பாதி கருகி, பிய்ந்து வந்தது. அதைத் தட்டில் வைத்து நீட்டினார். கொப்புளம் உடைந்த விரல்கள் விளிம்பில் படாமல், தட்டை உள்ளங்கையில் தாங்கியிருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் வைத்து, மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

மாமா கேட்கிற காதை அவள் பக்கம் சாய்த்தார். "நாறுதா?"

"நாறல" என்றாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று புண் வாயைத் திறந்து உரக்கச் சொன்னாள். ஒவ்வொரு வாயாக முழுசையும் சாப்பிட்டாள். "இன்னொன்னு" என்றாள்.

மாமா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் ஓடினார். தட்டில் ஒட்டியிருந்த துணுக்கை எடுத்து நான் நாக்கில் வைத்தேன். பச்சை இரும்பும் கருகின எண்ணெயும். ஒரு நோயும் இல்லாத என் வாய்க்கே உள்ளே போக மறுத்தது.

"ஏன்க்கா பொய் சொல்ற?" என்று அவள் காதோடு கேட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லச் சொன்னாள். "அவரு கை வேகுதுடி. நான் தின்னாத்தான் அடுப்ப அணைப்பாரு."

மாமா அடுத்த தட்டோடு வந்து நின்றார். அக்கா வாயைத் திறந்தாள்.