ஒற்றைக்கண் டைரக்டர்

இடது கண்ணை மூடிக்கொண்டுதான் டீ குடிப்பான். டம்ளர் ஃபிரேமுக்குள் சரியாக உட்கார வேண்டுமாம். சாலையைக் கடக்கும்போதும் ஒரு கண்தான். இதுவரை எந்த வண்டியும் அவனை இடிக்காதது ஓட்டுநர்களின் பெருந்தன்மை. திரைப்பட முதுகலை வகுப்பில் அவனுக்கு ஒற்றைக்கண் டைரக்டர் என்று பெயர். அவனோடு ஒரே அறையில் தங்க, போன ஜென்மத்தில் நான் என்ன பாவம் செய்தேனோ!

இரண்டு வருடப் படிப்பை நான்காவது வருடமாக ரசித்துப் படிக்கிறான். பட்டம் வாங்க ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தால் போதும். கேட்டால், "அவசரப்பட்டு எடுக்க இது என்ன கல்யாண வீடியோவாடா?" என்பான். கடைசியில் பேராசிரியை கூப்பிட்டு, "திங்கக்கிழமை படம் வரணும். வரலைன்னா நீங்களும் வர வேணாம்" என்றுவிட்டார்.

அப்போதுதான் ஐயாவுக்கு அப்பா ஞாபகம் வந்தது. மகனிடம் பேசவே பேசாத ஓர் அப்பாவின் கதை. நடிக்க, பஸ் ஓட்டும் சொந்த அப்பாவையே வரவழைத்தான். அந்த மனிதர் லீவு போட்டுவிட்டு வந்து, நாள் முழுக்க எங்கள் அறை ஜன்னலோரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அப்பா, முகத்துல ஒண்ணும் காட்டாதீங்க. உள்ள ஒரு வெறுமை இருக்கணும்."

"காலையில இருந்து சாப்பிடலையேப்பா, அது நல்லாவே இருக்கு."

விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் சிரித்துத் தொலைத்தேன். செம திட்டு.

கேமராவில் பதிவாகும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். நடிகரின் தவம் கலையுமென்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினான் அந்த மகாமேதை. திரையில் வரும் எழுத்துகள் ஃபிரேமைக் கெடுக்கின்றனவாம், அவற்றையும் அணைத்தான். சனி அங்கேதான் பிடித்தது. ஓடவும் நிற்கவும் ஒரே பொத்தான். டேப் ஒட்டும்போதே விரல் பட்டு கேமரா ஓடத் தொடங்கியிருக்கிறது. பிறகு "ஆக்‌ஷன்" என்று அழுத்தியபோதெல்லாம் நின்றது. "கட்" என்று அழுத்தியபோதெல்லாம் ஓடியது.

அப்பா ஊருக்குப் பஸ் ஏறிய பிறகுதான் கணினியில் போட்டுப் பார்த்தோம். வெறுமை ஒரு துளிகூடப் பதிவாகவில்லை. "போச்சுடா, எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைத்தான். என்ன கேலி செய்தாலும் பயல் படிப்பு பாழாவதைப் பார்க்க மனம் வரவில்லை.

படம் பாட்டுக்கு ஓடியது. மகன் வந்து அப்பாவின் காலரைச் சரிசெய்கிறான். அப்பா அவன் நெற்றி வியர்வையைத் துண்டால் துடைக்கிறார். "நீ சாப்ட்டியாடா?" மகன் கையைத் தட்டிவிட்டுப் போகிறான். அடுத்த கட். மறுபடி துண்டு. "எளைச்சுட்டியே. ஒரு வாய் சாப்ட்டு வாயேன், நான் இப்படியே ஆடாம உக்காந்திருக்கேன்." மகன் கேமராப் பக்கம் திரும்பிவிடுகிறான். பேசாத அப்பாவின் படத்தில் அப்பா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

டைரக்டர் தலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "திங்கக்கிழமைக்கு இதையே குடுத்துடலாம்டா" என்றான்.

"இதையா? மூலையில நான் புடிச்ச விளக்குக் கம்பு தெரியுதே, ஃபிரேம் என்னடா ஆகறது?"

"தெரியட்டும்."

படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டான். இந்த முறை இடது கண்ணையும் திறந்து வைத்திருந்தான்.