பட்டினியாக ஏறிய கப்பல்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற ஒருத்தி எழுத உட்காருவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போர்ட் பிளேருக்குத் தெற்கே, கப்பலில் போகிற ஹட் பேயில் எண்ணெய்ப் பனை நட ஆரம்பித்த காலம். என் வீட்டுக்காரர் அங்கே வேலையில் இருந்தார். சர்க்கரை நோய்க்குத் தினமும் காலையில் இன்சுலின் ஊசி. கம்பவுண்டர் எனக்குப் போடக் கற்றுக்கொடுத்திருந்தார். ஊசி போட்ட அரை மணியில் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மருந்துப் புட்டியை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்திருப்பேன்.

அவருக்கு லிவரும் கெட்டிருந்தது. இரண்டு தடவை மஞ்சள் காமாலை வந்தது, சாராயமும் இருந்தது. எது காரணமோ எனக்குத் தெரியாது. வயிறு உப்பி, கால் வீங்கிவிட்டது. போர்ட் பிளேரில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். முடியாத கேஸ்களை அங்கிருந்து மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன எங்கள் குடியிருப்பு லைன்காரர்கள் இரண்டு பேர் திரும்பவே இல்லை.

“மெயின்லேண்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா நான் திரும்பி வர மாட்டேன் பாத்துக்க” என்பார் அவர்.

சர்க்கரை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்போம். நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம். நீலமாகவே நின்றால் இல்லை. வருஷக்கணக்காகச் செங்கலாகவே வந்தது, அந்த மாதம் நீலமாகவே நின்றது.

“பாத்தியாளா! கடல் கணக்கா இருக்கு. என் சீக்கு ஜஹாஸ் ஏறிப் போயிட்டு.” கப்பலை அங்கே ஜஹாஸ் என்போம்.

“சும்மா இருங்க, விளக்கு அணைஞ்சிரும்” என்றேன். ஆனால் எனக்கும் சந்தோஷம்தான். சர்க்கரை இறங்கிவிட்டது, லிவரும் தேறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் பார்க்கும்போதும் இதே நீலம் வந்துவிட்டால், மெட்ராஸ் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கப்பல் ஏறுகிற நாளில் எங்கள் பக்கம் யாரும் சாப்பிட மாட்டார்கள். காலி வயிறாக இருந்தால் வாந்தி வராது என்பார்கள். போர்ட் பிளேருக்குக் கிளம்பிய அன்று விடிந்ததும் ஊசியை முழுசாகப் போட்டேன். கஞ்சி கொடுக்கவில்லை.

“ரெண்டு வாயாவது தாயேன்.”

“கப்பல்ல எல்லாரு மேலயும் வாந்தி எடுக்கப் போறீகளா? அங்க எறங்கிச் சாப்பிடலாம்.”

சாப்பிடாவிட்டால் சர்க்கரையும் ஏறாது என்றுதான் என் புத்தி போனது.

கப்பல் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டை நனைந்து போனது. கை நடுங்கியது. “ஏளா, வலையை இழுத்துட்டாங்களா?” என்று கேட்டார். அவர் வலை பிடித்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு, தூத்துக்குடிப் பக்கம்.

பக்கத்தில் இருந்த தெலுங்கு அம்மாள், “கப்பல்ல அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் குடுக்காதே, உல்டி பண்ணிருவாரு” என்றாள். முகர எலுமிச்சம்பழம் தந்தாள். என் மடியில் இருந்த பையில் வாழைப்பழம் ஆறு இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவர் கண்ணை மூடியதும், தூங்குகிறார் என்று விசிறிக்கொண்டே வந்தேன்.

போர்ட் பிளேர் ஜெட்டியில் இறக்கும்போது எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் ஹிந்தியில் கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதனால் நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தி தமிழில் கேட்டாள்.

“காலைல என்ன சாப்ட்டாரு அக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“ஊசி?”

“போட்டேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சாப்பிட்டதுல மிச்சத்தைச் சேத்து வெச்சு, பட்டினி கெடக்குறப்போ ரத்தத்துக்குக் குடுக்கிறது லிவர்தான். இவருக்கு அது முடியல. போட்ட மருந்தைக் கழிச்சு விடுறதுலயும் பாதி அதோட வேலைதான். அதுவும் நடக்கல. மருந்து உள்ளயே நின்னு சர்க்கரையை இறக்கிட்டே இருந்திருக்கு. நீலமா வந்தப்பவே ஊசியைக் கொறச்சிருக்கணும் அக்கா.”

“அப்ப அது நல்லதுக்கு இல்லையா?” என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. அவரை மெட்ராஸுக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் போர்ட் பிளேரிலேயே அடக்கம் செய்தார்கள். அன்று ஹட் பேக்குக் கப்பல் இல்லை.