நீலாயதாட்சியும் சிமெண்டுக் கடலும்

இந்த உலகத்தில் யாராலும் முந்த முடியாத வாகனங்கள் மூன்று. ஒன்று, வானத்துக்குப் போகிற ராக்கெட். இரண்டு, காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகிற தனியார் பஸ். மூன்று, திருமலைராயன்பட்டினம் பட்டினச்சேரியில் அரசப்பன் மனைவி நீலாயதாட்சி ஓட்டுகிற பேட்டரி வண்டி. மூன்றாவது வருவதைக் கண்டால் முதல் இரண்டும் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, எழுந்து நின்று வழிவிடும். ராக்கெட் எப்போதுமே எழுந்துதான் நிற்கிறது என்று குறுக்கே பேசுகிறவர்கள் வேறு கதை படிக்கப் போகலாம்.

சத்தியமாகச் சொல்லச் சொன்னால், எதிர்க்காற்று அடிக்கிற நாளில் அந்த வண்டியை ஆடு முந்தும். ஸ்கூட்டர் என்று சொல்ல முடியாது, நாற்காலி என்றும் சொல்ல முடியாது. நாலு சின்னச் சக்கரம், சுழலுகிற இருக்கை, முன்னால் ஒரு கம்பிக் கூடை. வேகத்துக்கு ஒரு திருகு. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறு பக்கம் முயல் படம். முயல் பக்கம் முழுசாகத் திருப்பினாலும் வண்டி என்னவோ ஆமையின் சொந்தக்காரன் போலத்தான் போகும்.

வண்டி வந்த வழி பெரிய வழி. காரைக்காலில் மதாம் ஜோசெஃபின் என்று ஒரு அம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாயின், அதாவது சொல்தாவின், மனைவி. மகன் அர்னோ பாரிசிலிருந்து இந்த வண்டியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அம்மாவுக்குப் பொருத்திக் கொடுத்தான். பிறகு அம்மாவையே பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது மதாம் சொன்னாராம்: "இது நீலாவுக்கு. அவ மீன் இல்லாம நான் அங்க எப்புடி இருக்கப் போறேனோ, இது இல்லாம அவ இங்க இருக்க வேணாம்."

ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம்தான் மீன் கூடைகளோடு போன லோடு ஆட்டோ வளைவில் கவிழ்ந்து, நீலாயதாட்சியின் இடுப்பும் முழங்காலும் போயின. காரைக்கால் கோவில்பத்து வரைக்கும் தெருத் தெருவாக மீன் கூவி விற்று நடந்த கால். இப்போது வாசற்படியிலிருந்து வண்டி வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

வண்டி வந்ததும் கருவாட்டைக் கம்பிக் கூடையில் வைத்துக்கொண்டு பட்டினத்துத் தெருக்களில் திரும்பவும் வியாபாரம் தொடங்கினாள். குரல் பழைய குரல்தான். பேரம் பேசினால் வண்டியைப் பின்னுக்கு எடுப்பாள். பின்னுக்கு எடுத்தால் அது "பீப், பீப்" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பலர் சொன்ன விலைக்கு வாங்கினார்கள்.

எல்லாம் திரும்பி வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அலை.

வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். முன்பெல்லாம் விடிகாலையில் படகு கரை சேருவதற்குள் போய், கூடையைக் கழுவுகிற சாக்கில் அலையில் நிற்பாள். அலை வரும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான் சுகம். குதிகாலுக்கு அடியில் இருக்கிற மண்ணை அது அரித்துக்கொண்டு போகும். படுத்திருக்கிறவருக்கு அடியிலிருந்து பாயை யாரோ உருவுவது போல இருக்கும். சிரிப்பு வரும். யாரும் பார்க்காவிட்டால் சிரித்தும் விடுவாள். இப்போது ராத்திரிகளில் முழங்கால் வலிக்காது, உள்ளங்கால் அரிக்கும். என்ன மருந்து போட்டாலும் நிற்காது. அது மருந்துக்கு உரிய அரிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் வண்டியை நேரே மணலில் இறக்கிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் பாதி புதைந்து நின்றுவிட்டது. அரசப்பனும் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் கயிறு கட்டி, படகை இழுக்கிற மாதிரி இழுத்தார்கள்.

"ஏலேலோ ஐலசா! மாப்ள, இந்தப் போட்டுக்குப் பேரு வச்சாச்சா?"

"கருவாட்டு ராணின்னு எழுதுடா!"

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அடுத்த வாரம் அரசப்பன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொண்டுவந்தான். "உக்காரு நீலா. நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயி தண்ணில வுட்டுர்றோம்."

உட்கார்ந்தாள். தூக்கினார்கள். வழியில் பெண்கள் மீன் அரிவதை நிறுத்திவிட்டு உச்சுக் கொட்டினார்கள். பாதி வழியில் சொன்னாள்: "திருப்புங்க."

"ஏன், தண்ணி அந்தா இருக்கு!"

"சாமி பொறப்பாடு மாதிரியும் இல்ல, பொணம் எடுக்குற மாதிரியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கு எனக்கு. திருப்புங்க."

அதற்குப் பிறகு யாரையும் அவள் தூக்க விடவில்லை. சாயங்காலமானால் தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பாள். கடல் இரைகிறது கேட்கும். தானாகப் போய்த் தொட முடியாவிட்டால் தொட வேண்டாம் என்று ஒரு பிடிவாதம்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தபோது, மகளிர் குழு சேர்ந்து பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீம் பார்க் ஒன்றுக்கு வேன் பேசினார்கள். பார்க்கின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள். நீலாயதாட்சிக்கு ஆசை இல்லை. அவளுடைய அண்ணன் மகள் ஜெயப்ரியா போனில் ஒரு படம் காட்டினாள்.

"அத்த, இது அலைக் குளம். மெஷினு வச்சு அலை எழுப்புறாங்க."

"நமக்கு எதுக்குடி மெஷினு அலை? கரண்டு பில்லு கட்டாமலே இங்க அடிக்குதே" என்று சொல்லிக்கொண்டே படத்தைப் பார்த்தவள், போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். நீலப் பெயிண்ட் அடித்த சிமெண்டுத் தரை. படி இல்லை, மணல் இல்லை. சறுக்கலாக இறங்கி நேரே தண்ணீருக்குள் போகிறது.

"இது தரை எல்லாம் சிமெண்டா?"

"ஆமாத்த."

"எம் பேரையும் எழுது."

வண்டியைப் பிரித்து வேனில் ஏற்றினார்கள். அங்கே போனால் வாசலிலேயே அதிசயம். பொது வரிசை கோயில் தேர்க் கூட்டம் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. காவலாளி நீலாயதாட்சியைப் பார்த்ததும் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்கம்மா. துணைக்கு ஒருத்தர் வரலாம்."

"நான் அண்ணன் மவ" என்றாள் ஜெயப்ரியா.

"நான் நாத்தனா. மாத்திரை எங்கிட்டதான் இருக்கு" என்றாள் மங்கையர்க்கரசி.

"மாத்திர இருந்தா போதுமா? தண்ணி நானுல்ல வச்சிருக்கேன்" என்று பாட்டிலை உயர்த்திக் காட்டினாள் காசியம்மா.

மொத்த வேனும் துணையாகிவிட்டது. காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வெயிலில் நின்ற வரிசை அத்தனையும் இதைப் பார்த்தது. ஒவ்வொரு ராட்டினத்திலும் இதே கதைதான். நீலாயதாட்சிக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது. காலொடிந்த பிறகு இத்தனை பேர் இத்தனை சத்தமாக அவளைச் சொந்தம் என்று சொன்னதில்லை. ஆனால் கதவைத் தாண்டியதும் சொந்தமெல்லாம் பறந்துவிடும். அவள் மடியில் அவர்களுடைய கைப்பை, காலடியில் செருப்பு, கூடையில் போன்.

"அலைக் குளத்துக்கு எப்ப?"

"சாப்புட்டுட்டு அத்த."

சாப்பிட்டாயிற்று. அலைக் குளத்துக்கு வாடகை நைலான் உடுப்பு போட வேண்டுமாம். வாழ்க்கையில் முதல் தடவையாக நீலாயதாட்சி கால்சட்டை போட்டாள். காசியம்மா அவளைப் பார்த்துச் சிரிக்க, அவள் காசியம்மாவைப் பார்த்துச் சிரிக்க, கொஞ்ச நேரம் அங்கே யாருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு வண்டியில் ஏறி, திருகை ஆமைப் பக்கம் வைத்து, சரிவின் உச்சிக்கு வந்தாள். கீழே குளம். நீலம். குளத்தில் தண்ணீரைவிடத் தலை அதிகம். ஒரு சங்கு ஊதியது, அலை கிளம்பியது.

"அலை வருதுன்னு சங்கு ஊதிச் சொல்றானுவ பாரேன்" என்றாள் மங்கையர்க்கரசி. நீலாயதாட்சிக்கு அது காதில் விழவில்லை. உள்ளங்கால் விறுவிறுத்தது. மண் இல்லாத அலைதான், பாயை உருவாது. பரவாயில்லை.

குறுக்கே ஒரு விசில். "வண்டிக்கு உள்ள அனுமதி இல்லங்க."

"ஓரமாத்தான் தம்பி போவேன்."

"பேட்டரி வண்டி, தண்ணி, இவ்ளோ கூட்டம். முடியாதுங்கம்மா."

தோளில் குழந்தை வைத்திருந்த ஒருவர் நின்றார். "சரியாத்தான சொல்றாரு? வழுக்குற தரை. என் புள்ள கால்ல ஏறிட்டா யாரு பதில் சொல்றது?"

"அவங்களும் டிக்கெட் எடுத்துத்தான சார் வந்துருக்காங்க?" என்றது ஒரு பெண் குரல். "அது வண்டி இல்ல, அவங்களுக்கு அதான் காலு."

"காலுன்னா பிரேக் இருக்கணும்ல?"

"நல்லா நடக்குறவங்களே இதுல ஏறிக்கிட்டு வரிசைய தாண்டுறாங்க மேடம். உங்களுக்குத் தெரியாது."

அந்த நேரம் பார்த்து ஒரு கண்ணாடிக்காரர் விரலை நீட்டினார். "இவங்கதான்! காலைல இந்த ஒரு வண்டிய வச்சுக்கிட்டு ஒரு வேன் கூட்டமே உள்ள பூந்துச்சு. ரெண்டு மணி நேரம் நாங்க வெயில்ல நின்னோம்!"

அதுவரை இரண்டு கட்சியாக இருந்த கூட்டம் ஒரே கட்சியாகிவிட்டது. டிக்கெட் எடுத்துத்தானே வந்திருக்கிறார் என்ற பெண்கூட வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் மகள் கண்ணாடிக்காரரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நாத்தனார் தலைமுடியைப் பிழிந்தாள். காலையில் அத்தனை சத்தமாக இருந்த சொந்தத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

மேற்பார்வையாளர் வந்தார். சட்டையில் தியாகராசன் என்று பெயர் குத்தியிருந்தது. நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தவில்லை. "அம்மா, ஒரு சேர் கொண்டாரச் சொல்றேன். நம்ம பசங்க ரெண்டு பேரு உங்களத் தூக்கிட்டுப் போயி தண்ணில உக்கார வைப்பாங்க."

"தூக்க வேணாங்க."

"பத்திரமாத் தூக்குவாங்கம்மா."

"பத்திரமாத்தான் தூக்குவாங்க. எனக்கு வேணாம்."

அவர் அவளையே பார்த்தார். அவள் குளத்தைப் பார்த்தாள். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, சரிவில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு.

"அந்தக் கோடு வரைக்கும் வரலாங்களா? தண்ணிக்குள்ள வரல. கோட்டுல நின்னுக்கிறேன். அலை வந்தா வரட்டும்."

தியாகராசன் கூட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு சங்கு மட்டும். ஆளுங்கள விலக்குங்கப்பா."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே பிளந்தது. நீலாயதாட்சி இறங்கினாள். சரிவில் வண்டி போகும் வேகத்தில் எறும்புகூட யோசித்துத்தான் நடக்கும். கோட்டில் முன்சக்கரம் பட்டதும் நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். கால் இரண்டையும் கையால் தூக்கி, ஒவ்வொன்றாகச் சிமெண்டில் வைத்தாள். சூடு.

சங்கு ஊதியது.

தூரத்துச் சுவரிலிருந்து தண்ணீர் முதுகை வளைத்துக்கொண்டு எழுந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அலை உருண்டது, ஆட்களைத் தூக்கிப் போட்டது, சரிவில் ஏறியது, ஏறிக்கொண்டே வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி நீலாயதாட்சியின் பாதத்தில் விழுந்தது. விழுந்து கணுக்காலைக் கட்டிக்கொண்டு, நைலான் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்து, செருப்பு இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது. அவள் சிரித்தாள். எல்லாரும் பார்க்கவே சிரித்தாள். கூட்டம் கை தட்டியது. தியாகராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதுவரை எழுதியதை, வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த நீலாயதாட்சிக்கு வாசித்துக் காட்டியாயிற்று. குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசி வரி முடிந்ததும் ஈயை விரட்டினாள்.

"நல்லாத்தான்டி எழுதியிருக்க, ஜெயப்ரியா. ஒரு எடத்துலதான் புளுகிட்ட."

"எங்கத்த?"

"அலை எங்கடி எம் மேல வந்துச்சு? கோட்டுக்கு ஒரு மொழம் கீழயே திரும்பிட்டுதே. அடுத்ததும் அப்புடித்தான், அதுக்கு அடுத்ததும் அப்புடித்தான். அதுக்குள்ள அந்தாளு நேரமாயிட்டுதும்மான்னுட்டாரு. நான் காஞ்ச காலோட மேல ஏறி வந்தேன். ஒருத்தரும் கையும் தட்டல, கண்ணையும் தொடைக்கல."

காகிதத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் தேடியாயிற்று.

"நீ எனக்கு முன்னால தள்ளி எறங்கி நின்ன. உங் காலுதான் நனைஞ்சுது. நான் அதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"கதைக்கு நல்லா இருக்கும்னு போட்டேன். அடிச்சிர்றேன் அத்த. பேனா குடுங்க."

"இரு இரு. எதுக்கு அடிக்கிற?" நீலாயதாட்சி கையிலிருந்த கருவாட்டை முறத்தில் போட்டாள். முழங்காலுக்குக் கீழே சேலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. "சங்கு ஊதுற எடத்துலேருந்து இன்னொரு தடவ வாசி."

வாசித்தாயிற்று. அலை சரிவில் ஏறுகிற வரி வந்தது.

"சத்தமா வாசிடி. ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுற வாயி, இந்த எடம் வந்தா மட்டும் உனக்கு ஏன் சத்தம் எறங்குது?"